எந்தக் கைக்கு எந்தப் பந்து?

சேலத்திலிருந்து ஏற்காடு மலையடிவாரம் பக்கம் போகிற வழியில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் நெருங்கி வந்துகொண்டிருக்கும் நகரம். இப்படிப்பட்ட ஊர்களில் பிள்ளைகளின் கிரிக்கெட் மைதானம் என்பது பெரும்பாலும் விற்காமல் கிடக்கும் காலி மனை, பள்ளிக்கூடத் திடல் அல்லது தண்ணீர் வற்றிய ஏரி. எது கிடைக்கிறதோ அதில் ஆட்டம் நடக்கும்.

பேட் யாராவது ஒருவன் வீட்டிலிருந்து வந்துவிடும். ஸ்டம்புக்கு மூன்று குச்சி இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் செங்கல். பந்துக்கு மட்டும் எல்லோரும் காசு போட வேண்டும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று சேர்த்து வாங்கிய பந்தை முள்ளுக்குள் அடித்துத் தொலைத்தவன்மேல் அன்று முழுக்கக் கோபம் இருக்கும். "அடிச்சவன்தான் எடுக்கணும்" என்ற விதியை எந்தக் கிரிக்கெட் வாரியமும் எழுதவில்லை. ஆனால் அதை மீறத் துணிந்தவன் எந்த ஊரிலும் இல்லை.

இவ்வளவு முக்கியமான பந்தைக் கடையில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? "அண்ணா, ஒரு பால் குடுங்க" என்று கேட்பார்கள். "எந்தப் பாலு தம்பி?" என்று கடைக்காரர் கேட்டதும் கூட்டத்தில் பெரியவனாக இருப்பவன் ஒன்றைச் சொல்வான். அவன் இப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருப்பான். அவன் கைக்கு எது பிடிக்கிறதோ அதுவே எல்லோருக்குமான பந்தாகிவிடும். ஆறாம் வகுப்புத் தம்பியும் அதே பந்தைத்தான் எதிர்கொள்ள வேண்டும்.

பல், விரல், கண் சம்பந்தப்பட்ட பல விபத்துகள் கடையில் இப்படி எடுக்கப்படும் முடிவிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஒரே வட்டம், வேறு வேறு எடை

பார்வைக்கு எல்லாப் பந்தும் ஒன்றுபோலத் தெரியும். தராசில் வைத்தால்தான் வித்தியாசம் புரியும்.

டென்னிஸ் விளையாட்டுக்கான பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உள்ளே காற்று, சுற்றிலும் மெல்லிய ரப்பர், அதன்மேல் கம்பளித் துணி போன்ற மேல்பூச்சு. கடைகளில் 'லைட்' என்று கேட்டால் கிடைக்கும் கிரிக்கெட் டென்னிஸ் பந்தும் ஏறக்குறைய இந்த வகைதான்.

அதே மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில் 'ஹெவி' அல்லது 'ஹார்டு டென்னிஸ்' என்று இன்னொன்று உண்டு. மேலே அதே துணி, உள்ளே தடித்த ரப்பர். 100 கிராமைத் தாண்டும் பந்துகளும் இதில் இருக்கின்றன. பேட்டில் சரியாகப் பட்டால் வெகுதூரம் பறக்கும், காற்றில் அலையாது. ஊர்களில் நடக்கும் டோர்னமென்ட்களில் பெரியவர்கள் இதை விரும்புவது அதனால்தான். ஆனால் விலா எலும்பில் பட்டால் இரண்டு நாள் மூச்சு விடும்போதெல்லாம் பட்ட இடம் நினைவுக்கு வரும்.

அடுத்தது கார்க் பந்து. மேலே தோல் இருக்காது; முழுக்கக் கார்க்கையும் பசையையும் இறுக்கிச் செய்தது. தோல் பந்து போலவே கல்லாக இருக்கும், விலையோ அதில் ஒரு பங்குதான். சிக்கலே இந்த விலையில்தான் இருக்கிறது. "லெதர் மாதிரியே இருக்கு, விலையும் கம்மி" என்று பிள்ளைகள் வாங்கிவிடுகிறார்கள். பந்து மலிவாகக் கிடைத்துவிட்டது. ஹெல்மெட்டும் பேடும் கையுறையும் மலிவாகக் கிடைக்கவில்லை. அதனால் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஆடுகிறார்கள். கல்லும் குழியுமான தரையில் கார்க் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று போட்டவனுக்கே தெரியாது.

கடைசியாக, உண்மையான கிரிக்கெட் பந்து. நடுவில் கார்க், அதைச் சுற்றி நூல், மேலே தோல், நடுவே தையல். ஆண்கள் ஆடும் பந்து சுமார் 156 முதல் 163 கிராம் இருக்கும். பெண்கள் ஆடுவது சுமார் 140 முதல் 150 கிராம். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைவிடச் சிறிய பந்து உண்டு, சுமார் 133 முதல் 144 கிராம். கடையில் போய் "லெதர் பால்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பெரியவர்களின் பந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "ஜூனியர் சைஸ்" என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டால் விஷயம் எளிது. ஒரே வேகத்தில் வரும் இரண்டு பந்துகளில் 160 கிராம் பந்து, 58 கிராம் பந்தைப் போல இரண்டே முக்கால் மடங்கு சக்தியோடு வந்து மோதும். டென்னிஸ் பந்து மோதும்போது நசுங்கி அந்த அடியில் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். தோல் பந்து நசுங்காது. முழு அடியையும் எலும்புதான் வாங்க வேண்டும்.

சின்னப்பம்பட்டி சொல்லும் பாடம்

"டென்னிஸ் பந்தில் ஆடினால் பையன் முன்னுக்கு வரமாட்டான், இப்போதே லெதருக்குப் போகணும்" என்று நினைக்கும் அப்பாக்கள் உண்டு. அதே சேலம் மாவட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன், இருபது வயதை ஒட்டும் வரை பெரும்பாலும் டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். வசதி இல்லாத வீடு. தறிக் கூலிதான் அப்பாவின் வருமானம், அம்மா சாலையோரம் கடை போட்டிருந்தார். பிறகுதான் சென்னை லீக் ஆட்டங்களுக்குப் போய்த் தோல் பந்தைக் கையில் எடுத்தார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆட்டத்தில் இறங்கினார். அதன்பின் அவர் பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற கேள்வி வந்தது. முறையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

2020 இறுதியில் இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், டிசம்பர் 4 அன்று டி20 ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலும் முதன்முதலாக இந்தியாவுக்காக இறங்கினார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது யார்க்கர். டென்னிஸ் பந்து ஆடியவர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே புரியும். அந்தப் பந்தில் தையல் இல்லை; தரையில் பட்டுத் திரும்பும் வித்தை பெரிதாக நடக்காது. கொஞ்சம் குட்டையாகப் போட்டால் எகிறி வந்து அடிக்க வாகாக நிற்கும். மட்டையின் அடியில் காலடியில் போய் விழுவதுதான் பிழைக்க வழி. அதையே ஆயிரம் முறை போட்டுப் பழகிய கைக்குப் பின்னால் வந்த தோல் பந்து புது ஆயுதமாக இருந்தது.

ஆகவே டென்னிஸ் பந்தில் போகும் வருடங்கள் வீணான வருடங்கள் அல்ல. ஆனால் இரண்டும் வேறு ஆட்டம் என்பதும் உண்மை. தோல் பந்தில் தையலைப் பிடிக்கும் விதம், எகிறும் பந்தை விடும் பொறுமை, புதுப் பந்தின் வளைவு எல்லாவற்றையும் தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சரியான தரையும் பயிற்சியாளரும் கவசமும் சேர்ந்து கிடைக்கும்போது போனால் போதும்.

வயதுக்கு ஏற்ற பந்து

விளையாட்டு உலகம் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளின் டென்னிஸ் போட்டிகளில் பெரியவர்களின் வழக்கமான பந்தை உபயோகிக்கக் கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதி கொண்டுவந்தது. மிகச் சிறியவர்களுக்குச் சிவப்புப் பந்து, அடுத்து ஆரஞ்சு, பிறகு பச்சை. சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50 சதவீதம், பச்சை 25 சதவீதம். பந்து தலைக்கு மேல் எகிறாமல் இடுப்பு உயரத்தில் வந்தால்தான் பிள்ளை சரியாக அடிக்கக் கற்றுக்கொள்ளும்.

கிரிக்கெட்டுக்கும் இதே கதைதான். ஒன்பது வயதுப் பையன் 160 கிராம் பந்தை 22 கெஜத்துக்கு வீச முயன்றால் தோளையும் முழங்கையையும் இழுத்துத்தான் வீசுவான். பந்து போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் கை தப்பான பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். பிடிக்கப் போகும்போது பயத்தில் முகத்தைத் திருப்புவான். முகத்தைத் திருப்பினால் பந்து தெரியாது; தெரியாத பந்துதான் முகத்தில் படும்.

பத்து வயது வரை லைட் டென்னிஸ் பந்து, அதோடு குறைந்த தூரம். பதினைந்து, பதினாறு கெஜத்தில் ஸ்டம்பை நட்டால் தப்பில்லை. பதின்வயதில் தோல் பந்துப் பயிற்சிக்குச் சேர்ந்தால் ஜூனியர் அளவு. பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள் ஆடும் அளவு. "பையன்களோடு ஆடுறா, அவங்க பந்தையே போடட்டும்" என்று விட வேண்டியதில்லை. சர்வதேச வீராங்கனைகளே அந்தக் குறைந்த எடைப் பந்தில்தான் ஆடுகிறார்கள்.

விலை அதிகம் என்றால் நல்லதா?

கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. உதகையிலும் கொடைக்கானலிலும் கோல்ஃப் மைதானங்கள் இருப்பதைச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேலே முந்நூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் குழிகள். குழியே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அது பாதித் தூரம்கூடப் போய்ச் சேர்வது கஷ்டம்.

அதில் இரண்டு அடுக்குப் பந்தும் உண்டு, மூன்று நான்கு அடுக்குகளில் செய்த விலை உயர்ந்த பந்தும் உண்டு. தொழில்முறை வீரர்கள் விலை உயர்ந்ததை ஆடுவது, பச்சைப் புல்லில் பந்தைச் சுழலவிட்டு நிறுத்தும் திறமை அவர்கள் கையில் இருப்பதால். வாரம் ஒருநாள் ஆடுகிறவர் அதை வாங்கினால் முதல் அடியிலேயே தண்ணீரில் போய் விழும். அவருக்கு இரண்டு அடுக்குப் பந்தே போதும். நேராகப் போகும், நாளும் தாங்கும். எந்தப் பந்தை எடுத்தாலும் வாராவாரம் மாற்றாமல் அதையே ஆடினால் கைக்கு அது பழகும்.

கிரிக்கெட் தோல் பந்துக்கும் இது பொருந்தும். நான்கு துண்டுத் தோலில் தைத்த பந்து விலை கூடியது. வடிவம் கெடாமல் நிற்கும். இரண்டு துண்டுத் தோலில் செய்த பந்து விலை குறைவு. இந்தியாவில் நடக்கும் டெஸ்ட் ஆட்டங்களில் மீரட்டில் தயாராகும் எஸ்.ஜி. பந்து, ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா, இங்கிலாந்தில் டியூக்ஸ் என்று நாட்டுக்கு நாடு பந்தே மாறுகிறது. வலைப்பயிற்சிக்கு வரும் பள்ளிப் பையனுக்கு இரண்டு துண்டுப் பந்து தாராளம். சிமென்ட் தரையிலும் தார்ச் சாலையிலும் எந்தத் தோல் பந்தைப் போட்டாலும் சில ஓவர்களிலேயே தையல் தேய்ந்து போகும். அங்கே தோல் பந்து போடுவது பணத்தையும் உடம்பையும் சேர்த்து வீணடிப்பது.

கடையில் செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

முதலில் எடை. பக்கத்து மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசே போதும். உறையில் என்ன எழுதியிருந்தாலும் தராசு சொல்வதுதான் உண்மை. 60 கிராமை ஒட்டி இருந்தால் லைட். மூன்று இலக்கத்துக்குப் போனால் அது சின்னப் பிள்ளைகளுக்கான பந்து அல்ல.

இரண்டாவது எகிறல். டென்னிஸ் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எகிற வேண்டும் என்பது விதி. அதாவது விட்ட உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கடைத் தரையில் ஐந்தடி உயரத்திலிருந்து விட்டால் இரண்டரை அடிக்கு மேல் வர வேண்டும். வராவிட்டால் அது நாள்பட்ட சரக்கு.

மூன்றாவது அழுத்தம். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்தால் லேசாக உள்வாங்கி உடனே திரும்ப வேண்டும். கொஞ்சம்கூட உள்ளே போகாத 'டென்னிஸ்' பந்தைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுவது நல்லது.

நான்காவது, பிடி. ஆடப் போகும் பிள்ளையே கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். விரல்கள் பந்தின் மேல் இயல்பாக உட்கார வேண்டும். உள்ளங்கை முழுக்க இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கிறது என்றால் அந்தப் பந்து அந்தக் கைக்குப் பெரிது.

வாங்கிய பிறகும் ஒரு கவனம் தேவை. டென்னிஸ் பந்தின் துணி தண்ணீரைக் குடிக்கும். மழை ஈரத்தில் ஆடினால் லைட் பந்தே கனமாகிவிடும். தோல் பந்தும் நனைந்தால் கனத்து வடிவம் மாறும். நனைந்ததை நிழலில் உலர்த்தி, மறுநாள் ஆடலாம்.

பட்டுவிட்டால்?

தோல் பந்தின் ஆபத்து பெரிய ஆட்டக்காரர்களையும் விட்டதில்லை. இந்திய வீரர் ராமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில், மட்டையாளருக்கு மிக அருகே ஹெல்மெட் இல்லாமல் நின்றிருந்தபோது தலையில் அடிபட்டு, மூன்றாம் நாள் இறந்தார். 2000-ஆம் ஆண்டு அதே டாக்காவில் விக்கெட் கீப்பர் சபா கரீமின் கண்ணில் பந்து பட்டது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. ஆஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ் 2014 நவம்பரில் ஹெல்மெட் போட்டிருந்தும், அது மறைக்காத கழுத்துப் பகுதியில் அடிபட்டு இறந்தார். தோல் பந்தோ கார்க் பந்தோ போட்டால் ஹெல்மெட், பேட், கையுறை, கார்டு நான்கும் வேண்டும். மட்டையாளரின் முகத்துக்கு நேரே யாரும் நெருங்கி நிற்கக் கூடாது. கவசம் இல்லையா, அன்றைக்கு டென்னிஸ் பந்து.

லைட் டென்னிஸ் பந்து என்றாலும் கண்ணுக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. அது நசுங்கும் பந்து என்பதாலேயே கண்குழிக்குள் பிதுங்கி அழுத்தக்கூடும். கண்ணில் அடிபட்டால் கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்து எதையும் விடக் கூடாது. அழுத்தாமல் மூடிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது, கருவிழிப் பக்கம் ரத்தம், மின்னல் போல வெளிச்சம் இவற்றில் ஒன்று இருந்தாலும் "காலையில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பல் முழுசாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் நிலையான பல்லைத் திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு. தலையில் பட்டு வாந்தி, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு.

இதில் பிள்ளைகள் செய்யும் ஒரு தப்பும் உண்டு. அடிபட்டதை வீட்டில் மறைத்துவிடுவார்கள். சொன்னால் நாளையிலிருந்து விளையாட விடமாட்டார்கள் என்ற பயம். "பட்டதுக்குத் திட்டமாட்டோம், மறைச்சாத்தான் திட்டுவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் வீட்டில் கண்ணும் பல்லும் தப்பிக்கும்.

யாருடைய பந்து?

எந்த ஊர் ஆட்டத்திலும் வயது கலந்துதான் இருக்கும். பதினேழு வயது அண்ணனும் பத்து வயதுத் தம்பியும் ஒரே அணியில் நிற்பார்கள். அதுதான் தெருக் கிரிக்கெட்டின் அழகு. அங்கே பந்தைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு வழி போதும்: அன்று ஆட வந்த கூட்டத்தில் ஆகச் சின்னவன் யாரோ, அவன் பயமில்லாமல் பிடிக்கும் பந்துதான் அன்றைய பந்து.

அண்ணன்களுக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கலாம். அவர்கள் மட்டும் ஆடும் நாளில் ஹெவியை எடுத்துக்கொள்ளட்டும். லைட் பந்தில் நான்கு ஓவர் ரன் கொடுக்காமல் போட்டுக் காட்டுவதும் லேசான வேலை இல்லை. தம்பிக்கோ, முகத்தைத் திருப்பாமல் பிடித்த முதல் கேட்ச் எத்தனை வயதானாலும் மறக்காது.